கஞ்சி குடித்த கார்

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயசுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் சொல்கிறார்களா, கார் பழசாகிவிட்டது, தள்ளிவிடலாம் என்று? என் வீட்டில் தினமும் சொல்கிறார்கள். நான் காதில் வாங்குவதே இல்லை. போன வாரம்கூடப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, ஆடிக்கொண்டிருந்த சைலன்சரைக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். படுப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. எழுந்திருக்கத்தான் மருமகள் கை கொடுக்க வேண்டியிருந்தது. திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள், ஆனால் கொடுத்தாள்.

கார் ஓட வேண்டும் என்றால் அது புதுசாக இருக்க வேண்டியதில்லை. அதைக் கவனிக்க ஓர் ஆள் இருந்தால் போதும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், தீபாவளி முடிந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் விடாமல் பெய்த மழையில், ஆரணியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நேராகப் பார்த்தேன். முன்கட்டில் அப்பாவின் பட்டுத் தறிகள் இரண்டு. பின்கட்டில் அத்தையின் கார். நடுவில் அம்மாவின் அடுப்பு. அந்த மூன்றுக்கும் இடையில் நடந்த சண்டையில்தான் நான் வளர்ந்தேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. பிறக்கும்போதே இடுப்பு மூட்டு சரியில்லை, இடது கால் கொஞ்சம் குட்டை. சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறாள். அவளைப் பார்த்த டாக்டரம்மா வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது, தன்னுடைய பழைய காரை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் எல்லாரும் காரின் நிறத்தைப் பார்த்தார்களாம், அத்தை மட்டும்தான் மூடியைத் திறந்து உள்ளே காட்டச் சொன்னாளாம். அது எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் இருந்ததே ரெண்டு மூணு வகைதான், உங்களுக்கே தெரியும். பாலேடு நிறம். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதன் பின்சீட்டில் ஒரு கோழி முட்டையிட்டிருந்தது.

அத்தைக்குக் கிளட்ச் எட்டாது. தறி செய்கிற ஆசாரியைக் கூப்பிட்டு, கிளட்ச் பெடலின் மேல் ஒரு புளிய மரக்கட்டையை வைத்து போல்ட் போடச் சொன்னாள். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்கிற கட்டை மாதிரியேதான் இருந்தது. லைசென்ஸ் கொடுக்க வந்த அதிகாரி அந்தக் கட்டையைக் குனிந்து பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மைதானத்தை ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். சுற்றி முடித்ததும், "என்ன பஸ் ஸ்டாண்டுல விட்டுடும்மா, அதான் டெஸ்ட்" என்றாராம். இது அத்தை சொன்ன கதை. கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

அந்தக் காரால்தான் அவளுக்கு வேலையே. சந்தவாசல் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், தற்காலிக வேலை. காலையில் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் படியிலேயே நாலு பேர் தொங்குவார்கள். நின்றுகொண்டு போக அவள் இடுப்பு ஒத்துழைக்காது. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன் தாளாளர் வந்து பார்த்து, பிடித்திருந்தால் வேலையை நிரந்தரமாக்குவார் என்று பேச்சு. கார் இருந்தால் வேலை, வேலை இருந்தால் அத்தை அத்தையாக இருப்பாள். இல்லாவிட்டால் அண்ணன் வீட்டில் இழை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு இழை சுற்றவும் வராது. நானும் அவளோடு அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் காரில் போய் வந்தேன். என் பெருமை எந்த உயரத்தில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காருக்கு. ஞாயிறு கோயிலுக்கு. சனிக்கிழமை காலையில் கிழிந்த சாக்கை விரித்து அத்தை காருக்கு அடியில் போய்விடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, கால் முடியாத பொண்ணு இப்படிக் கஷ்டப்படுதே என்று உச்சுக் கொட்டுவார்கள். அடியிலிருந்து குரல் வரும்.

"நிக்கறதுதாங்க எனக்குக் கஷ்டம். படுத்துகினு செய்யற வேலன்னா எவ்ளோ நேரம் வேணாலும் செய்வேன்."

டவுனில் மெக்கானிக் இருந்தார். ஆனால் அவரிடம் காரை விட்டால் திரும்பி வருகிற நாள் அவருக்கே தெரியாது. திங்கள்கிழமை காலையில் வண்டி வேண்டும் என்பதால் அத்தை தானே எல்லாம் செய்தாள். அதுவும் எங்கள் வீட்டில் கிடைப்பதை வைத்து. நெசவில் இழைகளைப் பிரித்து நிறுத்த அச்சு என்று ஒன்று உண்டு, சீப்பு மாதிரி, மெல்லிய இரும்புப் பல் வரிசையாக இருக்கும். உடைந்த அச்சிலிருந்து ஒரு பல்லைப் பிடுங்கி வைத்திருந்தாள். தீப்பொறியை உண்டாக்குகிற பாயிண்ட்டுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை அந்தப் பல்லை நுழைத்துப் பார்த்துத்தான் வைப்பாள். பெட்ரோலைப் பட்டுத் துண்டில் வடிகட்டுவாள். முந்தானையில் வெட்டி எறிந்த துண்டு, மாம்பழ மஞ்சளில் இருக்கும். பெட்ரோல் போனபிறகு அதில் தங்கியிருக்கும் துருப்பொடியை என்னிடம் காட்டி, "பாத்தியா, இதக் குடிச்சிருந்தா இருமி இருக்கும்" என்பாள். அந்த மஞ்சள் துணியும் பெட்ரோல் வாசனையும் இன்றைக்கும் எனக்கு ஒன்றாகத்தான் நினைவுக்கு வரும். அச்சுப் பல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் தேடாத டப்பா இல்லை.

மழைக்காலத்தில் காருக்கு ஜலதோஷம் பிடிக்கும். இஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஈரம் ஏறிவிட்டால் என்ன செய்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அத்தை அதைக் கழற்றிக்கொண்டு வந்து அடுப்போரம் வைப்பாள். கறுப்பாக, கொம்பு கொம்பாக, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

"ஏன் டீச்சர், ரசத்துக்குப் பக்கத்துல இன்னா இது? இதுக்கும் தாளிச்சுக் கொட்டவா?" என்பாள் அம்மா.

"கொஞ்சம் சூடு ஏறட்டும் அண்ணி. அஞ்சே நிமிஷம்."

"இது சமையக்கட்டா, மெக்கானிக் ஷாப்பா? ஒரே பேஜாரா போச்சு எனக்கு."

இப்படிச் சொல்லிவிட்டு அம்மாதான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரும்புக் கைப்பிடியைக் காரின் மூக்கில் விட்டுச் சுற்றுவாள். நாளெல்லாம் ராட்டை சுற்றிய கை. அத்தை உள்ளே உட்கார்ந்து "ஆண்டவரே" என்று ஒரு வார்த்தை சொல்வாள், அம்மா ஒரு சுற்றுச் சுற்றுவாள், வண்டி பிடித்துக்கொள்ளும். யாருடைய பங்கால் பிடித்தது என்று ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் உண்டு.

அப்பா மட்டும் இதில் எதிலும் சேர மாட்டார். காரில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அதைப் பற்றிப் பேச மாட்டார், அதைக் கடந்து போகும்போது பார்க்கவும் மாட்டார். தறிக்குழியில் இறங்கினால், குறுக்கிழையை ஓட்டுகிற நாடா போய்வருகிற சத்தம்தான் அவர் குரல். எனக்கு அவர் காருக்கு எதிரி என்பதில் சந்தேகமே இல்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் வண்டி வழியில் நின்றுவிட்டது. நல்ல மழை. அத்தை குடையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் செங்கல் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய டிராக்டர்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டார். தெருவே பார்த்தது. அப்பா வாசலில் நின்றிருந்தார். அத்தை தலையைத் துவட்டி முடித்ததும் சொன்னார்.

"தோ பாரு. இன்னொரு தபா இந்த வண்டி நடுரோட்டுல நின்னுதுன்னா அவ்ளோதான். பெரணமல்லூர்க்காரர் கேட்டுகினே கீறாரு. குடுத்துடுவேன்."

பெரணமல்லூர்க்காரர் என்றால் எங்கள் எல்லாருக்கும் தெரியும். காரின் இஞ்சினைக் கழற்றிக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வைப்பவர். மிச்சத்தைத் தகரக் கடைக்குப் போடுபவர்.

"நிக்காதுணா," என்றாள் அத்தை.

"நின்னுதுன்னா?"

"நின்னா குடுத்துடு. ஆனா நிக்காது."

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை ரெண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டாள். அவள் அப்படித்தான்.

பிறகு ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இஞ்சின் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடுகிற பெட்டி அது. ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. காலையில் பார்த்தால் காருக்கு அடியில் கைக்குட்டை அளவுக்கு ஈரம் இருக்கும், இஞ்சின் சூடானால் ஒழுகல் கூடும். அதைக் கழற்றி வேலூருக்கு எடுத்துப் போய் பற்றவைக்க வேண்டும். அதற்கு நாளாகும், அத்தனை நாள் அத்தை லீவு போட முடியாது. அரையாண்டுப் பரீட்சை முடிகிறவரை தாங்கினால் போதும், லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். துணி துவைக்கிற சவுக்காரத்தைப் பிசைந்து ஓட்டைமேல் அப்பினாள். கொஞ்சம் கட்டுப்பட்டது. தினம் வழியில் ஒரு கிணற்றடியில் நிறுத்தி, இஞ்சின் ஓட ஓடத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவோம். அதை நின்றதாகச் சேர்க்கக் கூடாது என்று அத்தை சட்டம் போட்டிருந்தாள். நிறுத்துவது வேறு, நிற்பது வேறு.

ஒரு நாள் காலை காருக்கு அடியில் ஈரமே இல்லை. அத்தை குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். தூசி. மூடியைத் திறந்து விரலை விட்டாள். தண்ணீர் விளிம்புவரை இருந்தது. கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தது. "கெணத்துத் தண்ணி உப்பு," என்று தானே பதில் சொல்லிக்கொண்டாள். மறுநாளும் ஈரம் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை.

"சவுக்காரம் இன்னா வேல செஞ்சிருக்கு பாத்தியா!" என்று அத்தை அம்மாவிடம் பீற்றிக்கொண்டாள். கிணற்றடியில் நிறுத்தாமலே போனோம். நான் வகுப்பில் எல்லாரிடமும் எங்கள் காருக்கு வியாதி குணமாகிவிட்டது என்று சொன்னேன். அத்தை எவ்வளவு கெட்டிக்காரி என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவளும் ஏமாந்தாள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நல்லது நடந்தால் யாரும் துருவிக் கேட்பதில்லை.

பரீட்சையின் கடைசி நாள். தாளாளர் வருகிற நாளும் அதுதான். ஆரணியில் அச்சடித்த கேள்வித்தாள் கட்டு எங்கள் காரின் பின்சீட்டில் இருந்தது. அத்தை இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். மழை விட்டு வெயில் அடித்தது. சந்தவாசல் நெருங்க ஒரு ஏற்றம் வரும். அதில் ஏறும்போது எனக்கு ஒரு வாசனை வந்தது.

"அத்த, எங்கயோ சோறு வேவுது."

"பசிக்குதா? காலைல சரியா சாப்டலயா நீ?"

"இல்ல அத்த, நெஜமா. பொங்குற வாசன."

ரெண்டு பக்கமும் வயல். ஒரு குடிசைகூட இல்லை. அத்தையும் மூக்கை உறிஞ்சினாள். பிறகு சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்தாள். அது சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி ரெண்டு தரம் உதறிவிட்டு, ஏற்றத்தின் நடுவில், ஒரு மைல்கல்லுக்கு எதிரே நின்றது.

பானட்டைத் தூக்கினால் உள்ளே வெள்ளை வெளேரென்று நுரை. ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, இஞ்சின்மேல் வழிந்து, அங்கேயே காய்ந்து ஏடாகிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு அடுப்பில் உலை பொங்கும்போது எப்படி இருக்குமோ அதே சத்தம், அதே வாசனை. அத்தை ஒரு சொட்டை விரலில் தொட்டாள். ஆறவிட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். விரல் ரெண்டும் ஒட்டிக்கொண்டன.

"கஞ்சி," என்றாள்.

மைல்கல்மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சியைக் காரில் ஊற்ற ஊரில் வேறு யாருக்குத் தோன்றும்? தறியில் ஏற்றுகிற நீளப் பட்டிழைகளை, அதுதான் பாவு, தெருநீளத்துக்கு விரித்து, இழை அறாமல் இருக்க அரிசிக் கஞ்சி போடுகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

"அப்பாதானே?" என்றேன்.

அத்தை ஒட்டிய விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

"வேணும்னே ஊத்திட்டாரு. வண்டி நிக்கணும்னு ஊத்திட்டாரு. பெரணமல்லூர்க்காரருக்குக் குடுக்கணும்னுதான்!" நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். இனிமேல் அவரோடு பேசுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் அவன்," என்றாள் அத்தை. "விக்கறேன்னு நேரா சொல்லியிருந்தா நானே சாவியக் குடுத்திருப்பேன்." அவள் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆனால் அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறவள் இல்லை. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள். அவர்கள் வரப்பேறி வந்து காருக்குள் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னா டீச்சர், கார்லயே பொங்கல் வெக்கிறீங்களா?"

"ஆமா, சக்கர மட்டும் போடல. ஒரு ரெண்டு கொடம் தண்ணி கொண்டாங்கம்மா, ஜல்தி."

சூடு தணிகிறவரை காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகி எடுத்தாள். பிறகு வெள்ளைப் புடவையோடு ரோட்டில் படுத்து, ரேடியேட்டரின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்தாள். வெதுவெதுப்பாக வழவழவென்று இறங்கியது. குழாயில் கட்டி ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்க்க, அதை உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து விரலால் துழாவினாள். மேலே பெண்கள் தண்ணீர் ஊற்ற, கீழே அவள் துழாவிக்கொண்டே இருந்தாள். பிறகு துழாவுவது நின்றது.

"கட்டியே இல்ல," என்றாள்.

"இன்னா அத்த?"

"ஒரு குருணைகூட இல்லடி." காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினாள். முகமெல்லாம் கஞ்சி. "வடிகட்டி ஊத்திருக்கான். ரெண்டு மடிப்புத் துணியில வடிகட்டிருக்கான்."

எனக்குப் புரியவில்லை. அவள் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளங்கையில் பால் மாதிரி இருந்தது.

"கெடுக்கணும்னு நெனக்கிறவன் வடிகட்டிகினா இருப்பான்? பானையோட கொட்டிட்டுப் போவான். இதுக்கு விடியறதுக்கு முன்ன எழுந்து, அரிசியக் கொழைய வேக வெச்சு, மசிச்சு, துணியில பிழிஞ்சிருக்கான். அதான் ஒழுகல. என் சவுக்காரமும் இல்ல ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டு ரோட்டில் மல்லாக்கப் படுத்தபடியே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், துடைத்த கையில் இருந்த கஞ்சி கண்ணில் பட்டு, நிஜமாகவே அழுதாள்.

பாவில் இழை அறுந்துவிடாமல் கஞ்சி பிடித்து நிறுத்துகிறதே, ஓட்டையையும் அடைக்கும் என்று அப்பா நினைத்திருக்கிறார். அடைத்தும்விட்டது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியதில் ஓட்டையோடு சேர்த்து மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டது, அவ்வளவுதான். இப்போது கடைகளில் புட்டியில் விற்கிறார்கள், ரேடியேட்டர் ஒழுகலுக்கு ஊற்றுகிற மருந்து. போன வருஷம் என் மகன் ஒன்று வாங்கி வந்தான். எங்கள் அப்பா அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார், கொஞ்சம் கெட்டியாகப் போய்விட்டது என்று அவனிடம் சொன்னேன்.

கழுவிய பிறகு ஓட்டை திறந்துகொண்டு நன்றாகவே பீச்சியது. அந்தப் பெண்களில் ஒருத்தி தன் குடத்தையே கொடுத்து அனுப்பினாள். ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டு போனோம். ஜெபப் பாட்டு முடிகிற நேரத்தில் கேள்வித்தாள் கட்டோடு அத்தை உள்ளே நுழைந்தாள். தாளாளர் வராந்தாவில் நின்றிருந்தார்.

"என்னம்மா இது, புடவையெல்லாம்? கஞ்சி வாடை வருது."

"நெசவுக்காரங்க வீடுங்க ஐயா," என்று சொல்லிவிட்டு அத்தை நேராக வகுப்புக்குப் போய்க் கேள்வித்தாளைக் கொடுக்க ஆரம்பித்தாள். அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நிரந்தரமானது. சாக்குச் சொல்லிக்கொண்டு வருகிறவளை வேண்டாம் என்று சொல்லலாம், அப்படி நுழைகிறவளை எப்படி மறுப்பது?

ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும். வண்டி நின்றது நின்றதுதான். நம் தெருக்காரர்கள் யாரும் பார்க்கவில்லையே, சொல்லாமல் விட்டுவிடலாமே என்று வழியெல்லாம் நான் கெஞ்சினேன். அத்தை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அப்பா தறியில் இருந்தார். அத்தை அந்தக் கஞ்சிப் புடவையோடே போய் எதிரில் நின்றாள்.

"வண்டி நின்னுடுச்சுணா. ஏத்தத்துல."

நாடாவின் சத்தம் நின்றது.

"எப்படி நிக்கும்? மூணு நாளா ஒரு சொட்டு ஒழுகலயே," என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நெய்ததைத் தடவிப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

"எந்தப் பாவுக்குப் போடற கஞ்சி அது?" அத்தை கேட்டாள்.

அப்பா நாடாவை எடுத்து ஓரமாக வைத்தார். "முகூர்த்தப் பொடவைக்குப் போடறது," என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள். பானையில் அரிசி குறைகிறதே, எலி என்று நினைத்தேனே என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"நின்னா வித்துடறேன்னு சொன்ன," என்றாள் அத்தை. "நானும் சரின்னேன். பெரணமல்லூர்க்காரருக்குச் சொல்லி அனுப்பு."

அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்தார். அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து நான் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிக்கக் கூடாதுன்னு சொன்னேன். அதான் சொன்னேன். நீங்க விக்கறத மட்டும் புடிச்சிகினீங்க. மழையில, இருட்டுல, நடுரோட்டுல நின்னா உன்னால நடந்து வர முடியுமா? பஸ்ல ஏற முடியுமா? நீ வர்ற வரைக்கும் எனக்குக் கால் கட்ட மிதிக்க மாட்டேங்குது, கை நாடாவ இழுக்க மாட்டேங்குது. நீ தெனம் போவணும், தெனம் வரணும். அதுக்குத்தான் ஊத்துனேன்."

அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். அத்தை போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேர் கையும் கஞ்சிக் கை. காலையில் அவரோடு பேசுவதில்லை என்று எடுத்த முடிவை நான் அங்கேயே கைவிட்டேன்.

மறுநாள் அத்தை ரேடியேட்டரைக் கழற்றினாள். அப்பா அதைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வேலூருக்குப் போனார். பற்றவைக்கிறவர் அதைத் திருப்பிப் பார்த்து, எந்த மகானுபாவன் இதில் கஞ்சி ஊற்றியது என்று கேட்டாராம். "நான்தான். நல்லா வடிகட்டித்தான் ஊத்துனேன்" என்று அப்பா சொல்லிவிட்டு வந்ததாக அம்மா கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பெரணமல்லூர்க்காரர் ஒரு நாள் தானாகவே வந்தார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கார் அதற்குப் பிறகு நான் கல்லூரி முடிக்கும்வரை ஓடியது. அத்தை தன் கையாலேயே அதைக் கவனித்தாள், கடைசி வருஷங்களில் அவள் சொல்லச் சொல்ல நான் கவனித்தேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாள். அம்மா கைப்பிடியைச் சுற்றினாள், அத்தை "ஆண்டவரே" என்றாள், வண்டி பிடித்தது. கிளம்பும் நேரத்தில் அப்பா பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினார். தலையில் இடித்துக்கொண்டார். மடியில் ஒரு குடம் நிறையத் தண்ணீர்.

"எதுக்குணா இது? புதுசா பத்த வெச்சிருக்கு. ஒழுகாது."

"இருக்கட்டும்," என்றார்.

ஆரணியிலிருந்து சந்தவாசல்வரை ரெண்டு கையாலும் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம்கூடத் திரும்பாமல், அத்தைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஏற்றத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மைல்கல் வந்தது, போனது. வண்டி நிற்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் தேவைப்படவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கி, குடத்தை அங்கே நட்டிருந்த வேப்பங்கன்றுக்குக் கவிழ்த்துவிட்டு, காலிக் குடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.